மௌன அஞ்சலிக்கு ஓர் ஆள்

டீயில் சர்க்கரை போடவில்லை. வேண்டுமென்றால் சொல்லுங்கள், இழுப்பறையில் பொட்டலம் இருக்கிறது. எங்களுக்கு நிதி கொடுக்கிற பெரியவர்கள் ஒவ்வொருவராகச் சர்க்கரையை விட்டுவிட்டார்கள். மரியாதைக்கு நாங்களும் விட்டுவிட்டோம்.

ரெக்கார்டரை அணைக்க வேண்டாம், ஓடட்டும். நீங்கள் அனுப்பிய கேள்விகளைப் படித்துப் பார்த்தேன். ஒரே மேசையில் உட்கார மறுத்த அறக்கட்டளைகளை எப்படி ஒன்று சேர்த்தீர்கள், மற்ற ஊர்க்காரர்கள் இதிலிருந்து என்ன கற்றுக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. இத்தனை பேர் வந்து கை குலுக்கிவிட்டுப் போனார்கள், ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

என் வேலை ஆட்களைச் சேர்ப்பது. பணம் கொடுக்கிற அமைப்புகளை ஓர் அறையில் உட்காரவைத்து, நம்ம ஆளுங்களுக்குக் கொடுக்கச் சொல்வது. நம்ம ஆளுங்க என்று நான் சொல்வது வீட்டுப் பேச்சு. திருநங்கைகள், திருநம்பிகள், ஆணை விரும்புகிற என்னைப் போன்ற ஆண்கள், பெண்ணை விரும்புகிற பெண்கள், எல்லோரும் அதில் அடக்கம். அலுவலகப் பேச்சில் பால்புதுமையினர். வாசலில் இருக்கிற பலகையில் எங்களுக்கான பெயரை மட்டும் திரும்பத் திரும்ப மாற்றியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் பலகைக்கு நிதி கிடைத்தது. பலகைக்கு உள்ளே இருக்கிறவர்களுக்குக் கிடைப்பதுதான் கஷ்டம்.

ஏனென்றால் இவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. யாரும் முதல் ஆளாக வரமாட்டார்கள். தனி ஆளாகவும் நிற்கமாட்டார்கள். "அவங்க போட்டா நாங்களும் போடறோம்" என்பார் பிஸ்கட்காரர். அப்பா காலத்து பிஸ்கட் கம்பெனிப் பணத்தில் அறக்கட்டளை நடத்துகிறவர். அவர் சொல்கிற 'அவங்க' எங்கள் பெரியம்மா. இருக்கிறதிலேயே பெரிய அறக்கட்டளையின் தலைவி என்பதால் நாங்கள் வைத்த பெயர். பெரியம்மாவிடம் போனால், "மத்தவங்க என்ன நினைக்கறாங்கன்னு தெரிஞ்சாத்தானே" என்பார். மற்றவர்கள் பிஸ்கட்காரரைப் பார்ப்பார்கள். வாசல்படியில் நின்றுகொண்டு நீங்க முதல்ல, இல்ல நீங்க முதல்ல என்று ஒருவரையொருவர் உபசரிப்பார்களே, அப்படி. உள்ளே வீடு எரிந்துகொண்டிருந்தாலும் உபசாரம் குறையாது.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஆண்டுக் கூட்டம் ஆரம்பிக்கும்போது எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம். அந்த வருஷம் கொல்லப்பட்டவர்கள், தூக்கில் தொங்கியவர்கள், வீட்டார் அடித்ததில் போய்ச் சேர்ந்தவர்கள், இவர்களுக்கான அஞ்சலி. படத்துக்குப் பூ வைப்போம். பெரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நான் பல வருஷம் மேடையோரம் நின்று ஒன்றைக் கவனித்தேன். எந்த வருஷம் அந்த மௌனம் கனமாக இருந்ததோ, அந்த வருஷம் யாரும் மதியச் சாப்பாட்டோடு கிளம்பவில்லை. சாயங்காலம் வரை இருந்து ஏதாவது ஒன்றுக்கு ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் போனார்கள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் அறிக்கையில் 'உள்ளூர் அனுபவ அறிவு' என்று போட்டுக்கொள்ளலாம்.

இனி வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் எதுவும் புரியாது.

கீழே தையல் கடை, மேலே இரண்டு மாடி. ஒடுக்கமான கட்டிடம். வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட நம்ம ஆளுங்களுக்கு ஊரில் இருந்த ஒரே இடம். நடத்தியது அக்கா. திருநங்கை, தையல்காரி, முதுகுவலிக்காரி. நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. "இன்னொண்ணு எங்கடா?" என்று கேட்டார். அப்பா கையில இருக்கு என்றேன். அக்கா சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மழைக்காலம் முழுக்க அந்த வீட்டில்தான் படுத்தேன். நான் இன்று சட்டை மாட்டிக்கொண்டு உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அது அக்கா போட்ட சோறு. நன்றி கெட்டவன் என்று என்னைப் பற்றி யாரும் சொல்லிவிட முடியாது.

மாடிக்குப் போகிற கதவுக்கு மணி இருந்தது. ஆனால் மணி அடித்தால் யாரும் திறக்கமாட்டார்கள். தேடி வருகிற அப்பன், அண்ணன், மாமன்தான் மணி அடிப்பான். நம்ம ஆளுங்க கதவருகே நின்று, "பட்டன் அறுந்துபோச்சு" என்று சொல்ல வேண்டும். தையல் கடைதானே, தெருவில் போகிறவர் காதில் விழுந்தாலும் ஒன்றும் தோன்றாது. உள்ளே இருக்கிறவருக்கு அதற்கு ஒரே அர்த்தம். வந்திருப்பது நம்ம ஆள், அடிபட்டு வந்திருக்கிறது, கேள்வி கேட்காமல் திற. முதல் நாள் எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்தது கடைத்தெருவில் பார்த்த ஒரு திருநங்கை. சொன்னதும் கதவு திறந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அந்த வீட்டுக்கு ஆபத்து வந்தது. வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார், வருஷத்துக்கு உண்டானதை முன்பணமாகக் கேட்டார், இல்லையென்றால் மழைக்கு முன்னால் காலி செய்யுங்கள் என்றார். ஆண்டுக் கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. நல்ல நேரத்தில்தான் கேட்கிறார் என்று நான் நினைத்தேன்.

கூட்டத்தில் நம்ம ஆள் ஒருவர் ஐந்து நிமிடம் பேசுவது வழக்கம். அந்த முறை சிட்டுவைப் பேசச் சொன்னேன். அக்காவைப் போல அவளும் திருநங்கை, தையல்காரி. அந்த வீட்டில் இருந்தவர்களிலேயே வாய் ஜாஸ்தி. யாரையும் அண்ணன் என்று கூப்பிடமாட்டாள். அவளுக்கு அண்ணன் ஒருவர் இருந்தார், அதோடு அந்தச் சொல் தீர்ந்துபோய்விட்டது. அவளுடைய இடது மணிக்கட்டு சரியாக மடங்காது. ஏன் என்று யாராவது கேட்டால், "எங்கண்ணன் பாசம். மழை வந்தா வலிக்கும்" என்பாள். என்னை ஆபீசரே என்றுதான் கூப்பிடுவாள்.

ஒத்திகையில் அந்த மணிக்கட்டைப் பற்றிப் பேசச் சொன்னேன். முடிந்தால் கடைசியில் கொஞ்சம் குரல் உடையட்டும் என்றேன்.

"எதுக்கு ஆபீசரே? நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"நல்லா இருக்கறதை அப்புறம் சொல்லிக்கலாம்."

"போன மாசம் முழுசா ஒரு கல்யாணத்துக்கு நானே வெட்டித் தைச்சேன். ஒரு துணி திரும்பி வரல. அதைச் சொல்லாம கையைக் காட்டணுமா? கை என்ன, கண்காட்சியா?"

அக்கா ஊசியைக் கோத்துக்கொண்டே, "அவ இஷ்டப்படி பேசட்டும்டா" என்றார். அக்கா சொல்லி நான் எதையும் மறுத்ததில்லை.

சிட்டு இஷ்டப்படியே பேசினாள். அம்மா செத்துப்போனபோது அவர் துணிகளை எரிக்கப் போனார்களாம். ஒரு மூட்டையைத் திருடி ஒளித்துவைத்து, அதில்தான் தைக்கப் பழகினாளாம். இப்போது கத்தரி பிடித்தால் கை நடுங்குவதில்லையாம். கடைசியில், "உங்க எல்லாரோட சட்டையும் பார்த்தேன், தோள்பட்டை எதுவுமே சரியில்ல. கடைக்கு வாங்க" என்றாள். அரங்கமே சிரித்தது. எழுந்து நின்று கைதட்டினார்கள். பெரியம்மாவின் ஆட்கள் வீடியோ எடுத்து அன்றைக்கே எல்லோரும் பார்க்கும்படி போட்டார்கள்.

அந்த வருஷம் மௌன அஞ்சலி இல்லை. சொல்ல மறந்துவிட்டேன். யாரும் சாகவில்லை. நிகழ்ச்சி நிரலில் அந்த இடத்தில் டீ என்று போட்டிருந்தோம்.

மதியச் சாப்பாட்டோடு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்.

அப்புறம் நான் பட்ட பாடு இருக்கிறதே, அதை நீங்கள் எழுத வேண்டும். ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினேன். பெரியம்மாவின் வரவேற்பறையில் ஒரு மீன் தொட்டி உண்டு. அந்த மீன்களுக்கு என்னை அடையாளம் தெரிகிற அளவுக்கு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கூப்பிட்டார். அன்பாகத்தான் பேசினார்.

"அந்தப் பொண்ணு பேசினதைக் கேட்டு எனக்கு அழுகையே வரலப்பா. அவ்வளவு சந்தோஷம். உங்க ஆளுங்க நல்லா வந்துட்டாங்க. இனிமே நம்ம கவனம் வேற பக்கம் திரும்பலாம்னு தோணுது. குடிதண்ணி பக்கம்."

தண்ணீருக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, வீடு போய்விடும் மேடம் என்றேன். மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். பிஸ்கட்காரர், பெரியம்மா தண்ணீர்ப் பக்கம் போகிறார் என்றால் தானும் தண்ணீர்தான் என்றார். ஒரு கதவு பாக்கி இல்லை. இரவெல்லாம் தூங்காமல், வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரையும் எங்கே கொண்டுபோய்ப் படுக்கவைப்பது என்று யோசிப்பேன். என் அறையில் இரண்டு பேர் படுக்கலாம். மீதிப் பேருக்குப் பேருந்து நிலையம்தான். அங்கே அவர்களுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அக்கா தினமும் போன் செய்வார். திட்டமாட்டார். "ஏதாவது வழி பொறந்துதாடா?" என்று மட்டும் கேட்பார். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் சிட்டுவின் அண்ணன் அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

மெதுவாகப் பேசுகிற மனிதர். வீடியோ பார்த்தாராம். "எங்கம்மா படுத்த படுக்கையா இருக்காங்க சார். கண்ணை மூடறதுக்குள்ள என் தம்பியை ஒரு தடவை பார்க்கணும்னு கிடக்கறாங்க" என்றார். இப்படி எத்தனையோ போன் வரும். எனக்கு எதுவும் தெரியாது என்று வைத்துவிடுவேன். அன்று வைக்கவில்லை. தாயின் பெயரைச் சொல்லி ஒருவர் கேட்கும்போது மனசு இளகத்தானே செய்யும். விலாசத்தைச் சொன்னேன். அவ்வளவுதான் நான் செய்தது.

என்ன நடக்கும் என்று நினைத்தேன் என்று கேட்பீர்கள். சத்தம் நடக்கும் என்று நினைத்தேன். ஒரு கண்ணாடி உடையும், தெரு கூடும், போலீஸ் வரும், பேப்பரில் ஓரமாக நாலு வரி வரும். கண்ணாடியை மாற்றிக்கொள்ளலாம். கதவு போனால்கூடப் போட்டுக்கொள்ளலாம். வீடு போனால் என்ன செய்வது? நாலு வரியை எடுத்துக்கொண்டு போய்ப் பெரியம்மா முன்னால் வைத்தால், தண்ணீரிலிருந்து கொஞ்சம் கரையேறி வருவார் என்று நினைத்தேன். சிட்டு பேசியதால்தான் வீடு போகப் போகிறது. வீட்டைக் காப்பாற்ற அவளுக்கும் கொஞ்சம் கடமை இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அவள் கெட்டிக்காரி. கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டுகூட இருப்பாள்.

கேட்க நேரம் இல்லை.

முடிந்தவரை கவனமாகத்தான் செய்தேன். மதியம் போங்கள், மற்றவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள், அவள் மட்டும் மாடியில் இருப்பாள் என்றேன். தேவையில்லாமல் நாலு பேருக்கு அடிபடக் கூடாது. அக்காவை ஒரு கையெழுத்துக்காக அலுவலகத்துக்கு வரச்சொன்னேன். முதுகுவலிக்காரி, யாராவது தள்ளிவிட்டால் எழுந்திருக்கமாட்டார். இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான் அக்கா உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். சர்க்கரை இல்லை என்று திட்டினார். அப்போதுதான் பக்கத்துக் கடைக்காரர் அக்காவுக்குப் போன் செய்தார்.

அண்ணன் இரண்டு பேரோடு வந்திருக்கிறார். ஊருக்குக் கூட்டிப்போகத்தான் வந்தாராம். அந்தக் கட்டிடத்தில் ஒரே படிக்கட்டு. கீழே வர வழியில்லாமல் சிட்டு மேலே போயிருக்கிறாள். மேலே மொட்டை மாடிதான் இருக்கிறது. குதித்தாள் என்று அண்ணன் சொன்னார். தவறி விழுந்தாள் என்று போலீஸ் எழுதியது. எது எப்படியோ, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வேலை இருக்கவில்லை. உடம்பை அண்ணனிடம்தான் கொடுத்தார்கள். அவர்கள் அவளுக்குச் சட்டையும் பேண்டும் போட்டு, பழைய பெயரைச் சொல்லி முடித்துவிட்டார்கள். சட்டையின் தோள்பட்டை சரியாக இருந்ததா தெரியவில்லை. எங்களை உள்ளே விடவில்லை.

மறுநாள் காலையிலேயே அவசரக் கூட்டம் போட்டோம். இவ்வளவு சீக்கிரம் எப்படி அரங்கு கிடைத்தது என்று பிஸ்கட்காரர்கூட வியந்துபோனார். அவசரத்துக்கு அரங்கு கிடைப்பது கஷ்டம். நான் முந்தின வாரமே சொல்லிவைத்திருந்தேன்.

அப்படி ஒரு மௌனத்தை நான் பார்த்ததில்லை. ஒரு நிமிடம் முடிந்தும் யாரும் உட்காரவில்லை. வீடியோவிலிருந்து எடுத்த படம்தான், சிட்டு சிரித்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா கண்ணாடியைத் துடைக்கவில்லை, கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். விலாசம் எப்படிக் கிடைத்தது என்று போலீஸ் கேட்டதற்கு, வீடியோவில் கடைக்கு வாங்க என்று அவளே சொன்னாள், தையல் கடைகளில் விசாரித்துக் கண்டுபிடித்தேன் என்று அண்ணன் சொல்லியிருந்தார். வாக்குத் தவறாத மனிதர். வீடியோ போட்டது பெரியம்மாவின் ஆட்கள். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தானேப்பா காரணம்?" என்று கேட்டார். நான் அப்படியெல்லாம் நினைக்காதீங்க மேடம் என்றேன். இல்லை என்று சொல்லவில்லை.

அன்றைக்கு அவர்தான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். அவர் போட்டதும் பிஸ்கட்காரர் போட்டார். அப்புறம் பேனா கையில் நிற்கவில்லை. சிட்டு நினைவுக் கூட்டு நிதி அப்படித்தான் பிறந்தது. உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். வாசல்படியில் நிற்கிறவர்களை உள்ளே கொண்டுவர, வாசலில் ஒரு பிணம் வேண்டும். அதைத் தாண்டி வெளியே போக யாருக்கும் மனசு வராது.

வீடு என்ன ஆனது என்றுதானே பார்க்கிறீர்கள்? போலீஸ் வந்துபோன வீடு என்று வீட்டுக்காரர் அந்த வாரமே காலி செய்யச் சொல்லிவிட்டார். நிதி இன்னும் அக்காவிடம் போய்ச் சேரவில்லை. அதற்கென்று ஒரு முறை இருக்கிறதல்லவா. முதலில் சின்னம் வரைய வேண்டும், வரைந்தாயிற்று. ஆலோசனைக் குழு போட வேண்டும், போட்டாயிற்று. ஒன்றுசேர்ந்தது எப்படி என்று வெளியாள் ஒருவர் ஆய்வு செய்ய வேண்டும். அது நீங்கள். அதற்கப்புறம் கட்டாயம் போகும். நான் பின்னாலேயே இருக்கிறேன்.

நீங்கள் டீயைத் தொடவே இல்லை. ஏதோ கேட்க வாயெடுத்தீர்கள், கேளுங்கள்.

ஆமாம். அம்மா செத்துப்போனது எனக்குத் தெரியும். மேடையோரம் நின்று நானே கேட்டேன், எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினேன். அண்ணன் பொய் சொல்கிறார் என்று போனிலேயே தெரிந்தது. அவருக்கு ஏதோ ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது, எனக்கு ஏதோ ஒரு காரணம் கேட்க வேண்டியிருந்தது.

கதவா? அதை அக்காவும் கேட்டார். யாருக்கும் திறக்கமாட்டாளே, எப்படிடா திறந்தா என்று இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். விலாசம் மட்டும் கொடுத்து என்ன பயன்? அவர் மணி அடித்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பார். பட்டன் அறுந்துபோச்சு என்று சொல்லச் சொன்னேன். அண்ணன் குரல் என்றால் அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்பதால், கூட வருகிறவரைச் சொல்லச் சொல்லுங்கள் என்றும் சொன்னேன். செய்கிற காரியத்தைத் திருந்தச் செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அக்காதான்.

அக்கா என்மேல் வைத்திருக்கிற பாசம் மட்டும் குறையவில்லை. அன்று மதியம் நான் கூப்பிட்டதால்தான் அவர் உயிரோடு இருப்பதாக எல்லோரிடமும் சொல்கிறார். இப்போது எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வேறு இடத்தில் வீடு பிடித்திருக்கிறார்கள். எங்கே என்று கொடையாளர்களுக்கே சொல்லவில்லை. போன வாரம் அக்கா இங்கே வந்து, கதவைச் சாத்திவிட்டு, விலாசத்தையும் அங்கே கதவருகே நின்று சொல்ல வேண்டிய புது வார்த்தையையும் என் காதில் சொன்னார். "உனக்கு மட்டும்தாண்டா தெரியும். நீ இருக்கறதாலதான் நாங்க கண்ணை மூடித் தூங்கறோம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரகசியம் காப்பதில் என்னை நம்பலாம்.

ஆண்டுக் கூட்டம் மறுபடி நெருங்குகிறது. பிஸ்கட்காரர் வருவது சந்தேகம் என்கிறார்கள். பெரியம்மா பழையபடி தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறாராம். சிட்டுவுக்குப் பிறகு எல்லாம் நல்லபடியாகப் போயிற்று, நம்ம ஆளுங்களில் யாரும் சாகவில்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் கவலையாக இருக்கிறது.